வாப்பா பின்னிய சட்டைகள்

கிண்ணியா
05.03.2024

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் போன கிழமைதான் மீன்பிடி அலுவலகக் கந்தோர் மூலமாக என் கைக்கு வந்தது. நீங்கள் சுகம் என்று எழுதியிருந்ததை வாசித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேர் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடலுக்குப் போகும்போது என் வயிற்றில் இருந்த இருவரும் ஜனவரியில் வந்துவிட்டார்கள். முதலில் மகன், பின்னால் மகள். உங்கள் பதில் வரும் வரை பேர் இல்லாமல் வைத்திருக்க ஏலாது. ஏழாம் நாள் அஸாம், றுமானா என்று வைத்தோம். பிடிக்காவிட்டால் வந்து சண்டை பிடியுங்கள்.

தங்கச்சி ஷிஃபானாதான் வந்து நின்று எல்லாம் பார்த்தாள். ஆனால் என் பின்னல் ஊசிகளை எடுத்து அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டாள். "ராத்தா, நாப்பது கழியுமட்டும் ஊசி புடிச்சா கண்ணு போயிரும்" என்றாள். டவுனில் குழந்தைச் சாமான் விற்கும் கடைக்குத் தொப்பியும் சொக்ஸும் கொடுக்க வேண்டும் என்று நான் கத்தினாலும் அவள் கேட்கவில்லை. நாற்பது முடிந்த அன்றே வாளிக்குள் கையை விட்டேன்.

இப்போது இரண்டு ஏணை கட்டியிருக்கிறேன். இரண்டு கயிறும் என் கால் பெருவிரல்களில். காலால் ஆட்டிக்கொண்டு கையால் பின்னுகிறேன். ஒருவர் தூங்கினால் மற்றவர் எழும்புகிறார். ஒரு வரிசை முழுதாகப் பின்னி முடித்தால் அன்று எனக்குப் பெருநாள்தான்.

படகைக் கடல் எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது நீரோட்டம், நீங்கள் இல்லை. இஞ்சின் பழுது என்பதை உங்களைப் பிடித்து வைத்திருப்பவர்களிடம் நன்றாகச் சொல்லுங்கள். எப்போது விடுவார்கள் என்று எழுதுங்கள். நோன்பு வருகிறது. உடம்பைப் பாருங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
பஹ்மியா


சிறைச்சாலை
14.04.2024

அன்பு பஹ்மியாவுக்கு, வஅலைக்கும் முஸ்ஸலாம்.

நான் சுகம். சாப்பாடு பரவாயில்லை, மீன்தான் பழசு. பெருநாளுக்கு எங்களுக்குக் கொஞ்சம் இனிப்புக் கொடுத்தார்கள். என் பங்கை எங்கள் படகில் வந்த ரஜீவனுக்குக் கொடுத்தேன். சல்லி ஊரில் அவனுடைய அம்மாவை யாராவது கண்டால் பெடியன் நல்லாக இருக்கிறான் என்று சொல்லச் சொல்.

பேர்கள் இரண்டும் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஆனாலும் சண்டை பிடிக்க வருவேன்.

தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்த்த பிறகுதான் கடிதங்களை விடுகிறார்கள். அவர் கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். வழக்கைப் பற்றி எழுதக் கூடாதாம். கெதியில் முடியும் என்று மட்டும் எழுதுகிறேன்.

இங்கே ஒரு புதினம் நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் கம்பளி நூலும் பிளாஸ்டிக் ஊசியும் தந்து பின்னச் சொல்கிறார்கள். யாரோ தருமத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிற நூல். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளைகளுக்கு என் கையால் ஒன்று செய்ய வேறு வழி இங்கே இல்லை. வலை பின்னத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். பின்னி முடித்துத் தூக்கிப் பார்த்தால் வலைதான் வந்திருக்கிறது. சூரை மீன் பிடிக்கலாம், பிள்ளைக்குப் போட ஏலாது. எப்படிச் செய்வது என்று எழுது.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என் முத்தம்.
ஸுஹைர்


கிண்ணியா
22.05.2024

அன்பு மச்சான், ஸலாம்.

எல்லோரும் சுகம். அஸாமுக்கு மட்டும் கொஞ்சம் சளி. உங்கள் கடிதத்தை ஷிஃபானாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சத்தத்தில் இரண்டு ஏணையும் எழும்பிவிட்டன.

கேளுங்கள். வலைக்கு முடிச்சுப் போடுவீர்கள். இதற்கு முடிச்சே இல்லை. இடது ஊசியில் கண் கண்ணாக நூல் வளையங்கள் இருக்கும், அதில் ஒரு கண்ணுக்குள் வலது ஊசியை விட்டு, நூலைச் சுற்றி, அந்தக் கண் வழியாக இழுத்தால் வலது ஊசியில் புதுக் கண் வரும். பழைய கண்ணை இடது ஊசியிலிருந்து வழுக்கி விடுங்கள். அவ்வளவுதான். ஒரு வரிசை முடிந்தால் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு திரும்பி வாருங்கள். வலையை இழுக்கிற மாதிரி நூலை இழுக்க வேண்டாம். அது பிள்ளையின் நெஞ்சில் கிடக்கப்போகிற சாமான்.

ஒரு கண் நழுவி விழுந்தால் பயப்பட வேண்டாம். கீழே போய்த் தூக்கி எடுக்கலாம். எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை தரம் விழுகிறது தெரியுமா? றுமானாவுக்குப் பால் கொடுக்கும்போது பின்னலை மடியில் வைப்பேன். அவள் காலால் உதைப்பாள். ஊசி ஒரு பக்கம், கண்ணெல்லாம் ஒரு பக்கம். போன கிழமை தூக்கக் கலக்கத்தில் ஒரு சொக்ஸின் வாயையும் சேர்த்து மூடிப் பின்னிவிட்டேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தங்கச்சி, இதுக்குள்ள கால எங்கால விடுற?" என்று கேட்டார்.

சித்திர வேலை, எண்ணிப் பின்னுகிற வேலை எல்லாம் விட்டுவிட்டேன். எந்த நிமிடமும் கீழே போட்டுவிட்டு ஓடக்கூடிய வேலைதான் இப்போது எனக்குச் சரி.

மச்சான், கெதியில் என்றால் எப்போது? ஹஜ் பெருநாளுக்கு வந்துவிடுவீர்களா? பிள்ளைகள் இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறார்கள். யாரைப் பார்த்தாலும் சிரிக்கிற காலம் இது. கொஞ்சம் போனால் புது ஆளைக் கண்டு அழுகிற காலம் வரும். அதற்கு முதல் வாருங்கள்.

பஹ்மியா


சிறைச்சாலை
07.07.2024

அன்பு பஹ்மியாவுக்கு ஸலாம்.

சுகமாக இருக்கிறேன். அஸாமின் சளி போய்விட்டதா?

நீ எழுதியபடி செய்தேன். வந்துவிட்டது. முதலில் ஒரு துண்டு, கோணல்தான், ஆனால் துணி மாதிரி இருக்கிறது. இங்கே கடலின் சத்தம் கேட்கும், ஆனால் கடல் தெரியாது. பின்னும்போது அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை.

நீல நூல் கொஞ்சம், மஞ்சள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு சட்டை பின்னப் போகிறேன். அளவு வேண்டும். கடிதத்துக்குள் நூல், கயிறு எதையும் வைக்காதே, எடுத்துவிடுவார்கள். இங்கே அளவுநாடாவும் இல்லை. வலைக்கு அளக்கிற மாதிரி சாணும் விரலுமாக எழுது, எனக்கு விளங்கும்.

ரஜீவனையும் மற்றப் பெடியன்களையும் விடப்போகிறார்கள் என்று கதை. நான் படகின் ஸ்கிப்பர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பிந்தும். யோசிக்காதே.

ஸுஹைர்


கிண்ணியா
18.08.2024

அன்பு மச்சான், ஸலாம். உங்கள் சுகத்தைத்தான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். எங்களுக்குக் குறை இல்லை.

முதலில் அளவு. இரண்டு பேருக்கும் நெஞ்சுச் சுற்று இரண்டு சாணும் நாலு விரலும். கழுத்திலிருந்து கீழே ஒரு சாணும் மூன்று விரலும். கை நீளம் ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைய. இதை எடுக்க நான் பட்ட பாடு! ஒருவரை அளக்கும்போது மற்றவர் தவழ்ந்து அடுப்பு எரிகிற குசினி வாசலுக்குப் போய்விடுகிறார்.

வரிசை எண்ண நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கௌப்பி விதையை ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்கு மாற்றுவேன். எழும்பி ஓடினாலும் கணக்குத் தப்பாது. முந்தநாள் றுமானா கோப்பையைக் கவிழ்த்து ஒன்றை விழுங்கிவிட்டாள். நானும் ஷிஃபானாவும் அன்று இரவு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் அது வெளியே வந்தது. இப்போது கௌப்பியும் இல்லை, கணக்கும் இல்லை. கண்ணால் பார்த்துத்தான் பின்னுகிறேன்.

ரஜீவன் வந்து போனான். சல்லியிலிருந்து பஸ் பிடித்து, பாலம் தாண்டி, பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தான். அஸாமைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் முகத்தைப் பார்த்தான். "நானா மாதிரியே இருக்கான் அக்கா" என்றான். கூடப்பிறந்த அண்ணனைச் சொல்கிற மாதிரி இன்னும் உங்களை நானா என்றுதான் சொல்கிறான். நான் கேட்டேன், "நானா எப்ப வருவார் தம்பி?" என்று. "நானா சுகமா இருக்கார் அக்கா" என்றான். தேத்தண்ணீரை முழுதாகக் குடிக்காமல் எழும்பிவிட்டான்.

புது ஆளைக் கண்டால் அழுகிற காலம் வந்துவிட்டது, மச்சான். றுமானா அவனைக் கண்டு வீறிட்டு அழுதாள். உங்களைக் கண்டும் அழப்போகிறாளே என்று எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை. கந்தோரில் கேட்டால் இன்னும் ஒன்றும் தெரியாது என்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கொஞ்சமாவது எழுதுங்கள்.

பஹ்மியா


சிறைச்சாலை
06.10.2024

அன்பு பஹ்மியாவுக்கு ஸலாம்.

நான் சுகம். அளவு கிடைத்தது. இரண்டு சட்டையும் முடிந்துவிட்டது, தூதரகத்து ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். நீலம் அஸாமுக்கு, மஞ்சள் கரை வைத்தது றுமானாவுக்கு. தோள் மூட்டு எனக்குச் சரிவரவில்லை, நீ திருத்திக்கொள்.

பிள்ளைகளுக்குக் கிட்ட கௌப்பியை வைக்காதே. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஸுஹைர்


கிண்ணியா
28.11.2024

அன்பு மச்சான், ஸலாம்.

இங்கே மாரி அடித்து ஊற்றுகிறது. முற்றம் முழுக்கத் தண்ணீர். ஆனால் எல்லோரும் சுகம், கூரையும் சுகம்.

பார்சல் வந்தது! ஷிஃபானாதான் பிரித்தாள். சட்டையைத் தூக்கிப் பிடித்தாள், பிடித்தாள், அது முடியவே இல்லை. "ராத்தா, மச்சான் இது புள்ளைக்குப் பின்னினாரா, மாப்பிள்ளைக்குப் பின்னினாரா?" என்றாள். அஸாமுக்குப் போட்டோம். சட்டை தரையில் இழுபட்டது, கைகள் இரண்டும் உள்ளே காணாமல் போய்விட்டன. தலை மட்டும் வெளியே. அவன் அதோடு தவழப் பார்த்து முகம் குப்புற விழுந்து, எங்களைப் பார்த்துச் சிரித்தான். றுமானா தன் மஞ்சள் கரையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

என் சாணால் எழுதியதை உங்கள் சாணால் அளந்துவிட்டீர்கள், மச்சான். கடலில் இருக்கிற ஆட்களுக்கு வீட்டுக் கணக்கு விளங்காது என்று சும்மாவா சொல்கிறேன்.

ஆனால் வேலை சுத்தம். நான் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு கண்கூட விழவில்லை. கழுத்துப் பக்கம் ஓர் இடத்தில் நூல் அறுந்ததைச் சேர்த்திருக்கிறீர்கள், அதையும் வலைக்காரன் மாதிரி முடிச்சுப் போட்டிருக்கிறீர்கள். அந்த முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. சட்டையை முகத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் வாசம் இல்லை, சவர்க்கார வாசம்தான் இருந்தது. அப்படியும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சுகத்துக்கு எழுதுங்கள்.
பஹ்மியா


சிறைச்சாலை
12.01.2025

அன்பு பஹ்மியாவுக்கு ஸலாம்.

நான் சுகம். மழை விட்டதா? பிள்ளைகளுக்கு ஒரு வயது முடிகிற மாதம் இது. அல்லாஹ் ஆயுளைக் கொடுக்கட்டும்.

ஓம், என் கை பெரிதுதான். பிழை விட்டுவிட்டேன். சட்டையைப் பிரித்துத் திரும்பப் பின்னிவிடாதே. அப்படியே எடுத்து வை. எப்போதாவது உதவும்.

ஸுஹைர்


கிண்ணியா
20.02.2025

மச்சானுக்கு ஸலாம்.

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் இந்த முறை கேட்கவில்லை.

நான் பின்னல்காரி, மச்சான். அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். உங்கள் கடைசிக் கடிதத்தை வாசித்துவிட்டு அந்தச் சட்டையைத் திரும்ப எடுத்து விரித்தேன். உங்கள் சாண் என் சாணைவிட மூன்று விரல் கூட. கல்யாணம் முடித்த கிழமை கையோடு கை வைத்து அளந்து பார்த்தோமே, நினைவில்லையா? நெஞ்சுச் சுற்று உங்கள் கைக்குச் சரியாக வருகிறது. ஆனால் கை நீளம் வரவில்லை. உங்கள் சாணால் அளந்திருந்தாலும் கை அவ்வளவு நீளம் வராது. உடம்பு நீளமும் வராது. யாரோ யோசித்து, வேண்டுமென்றே நீட்டிப் பின்னியிருக்கிறார்கள்.

ஷிஃபானாவின் மகன் முனாஸுக்கு மூன்று வயது. அவனுக்குப் போட்டுப் பார்த்தேன். கை தொங்கியது. பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறாள், நாலு முடிந்துவிட்டது. அவளை மிட்டாய் தருகிறேன் என்று கூப்பிட்டுப் போட்டேன். தைத்து எடுத்த மாதிரி இருந்தது. அவள் மிட்டாயைத் தின்றுகொண்டு, "இது ஆருட சட்டை மாமி?" என்று கேட்டாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அடுத்த நாள் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, டவுனில் இறங்கி, சல்லிக்குப் போனேன். ரஜீவன் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, நானாவுக்கு நாலு வருஷமா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்தான். "நானா சொல்ல வேணாம் எண்டவர் அக்கா. நான் சத்தியம் பண்ணிட்டன்" என்றான். பெடியன் அழுதான். அவனை நான்தான் தேற்றினேன்.

எனக்குக் கோபம், மச்சான். நல்ல கோபம். எனக்கு எழுதிய கடிதத்தில் கெதியில், கெதியில் என்று எழுதிக்கொண்டு, உண்மையை ஒரு சட்டைக்குள் வைத்துப் பின்னியிருக்கிறீர்கள். அப்பவும் நான் கண்டுபிடிக்கக் கூடாது என்று, கை பெரிது என்று கதை விடுகிறீர்கள். உங்களுக்குத் தீர்ப்பு வந்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு சொக்ஸுக்குக் குதி பின்னிக்கொண்டிருந்திருப்பேன். சிரித்துக்கொண்டுகூட இருந்திருப்பேன். நீங்கள் அங்கே தனியாக இருந்தீர்கள். என்னையும் சேர்த்து அழ விட்டிருக்கலாமே.

நாலு வயதுச் சட்டையைப் பின்னிவிட்டு நடுவில் இருக்கிற காலத்தையெல்லாம் ஒரே தாவலில் தாண்டிவிடப் பார்க்கிறீர்கள். அப்படித் தாண்ட நான் விடமாட்டேன். இந்தக் காலத்தை நான் ஒவ்வொரு நாளாகத்தான் கழிக்க வேண்டும், நீங்களும் அப்படித்தான் கழிக்க வேண்டும். எனக்கு ஒன்றரை வயதுச் சட்டை வேண்டும். இரண்டு வயதுச் சட்டை வேண்டும். மூன்று வயதுச் சட்டை வேண்டும். ஒவ்வொன்றும் உங்கள் கையால் வேண்டும். வாப்பா எங்கே என்று இவர்கள் கேட்கும்போது நான் அதைத்தான் போட்டுவிடுவேன்.

அஸாம் போன கிழமை கதிரையைப் பிடித்து எழும்பி, விட்டுவிட்டு, என்னிடம் நடந்து வந்தான். றுமானா அதைப் பார்த்து அழுதாள், பிறகு அவளும் நடந்தாள். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நான் ஒன்றையும் உங்களுக்கு மறைக்கப் போவதில்லை.

நீங்களும் எழுதுங்கள். தீர்ப்பை உங்கள் கையால் எழுதுங்கள்.

பஹ்மியா


சிறைச்சாலை
13.04.2025

என் பஹ்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இல்லை. ஆனால் நோய் ஒன்றும் இல்லை.

நாலு வருஷம். படகு பிடிபட்ட நாளிலிருந்து கணக்கு. 2027 முடிகிற நேரம் விடுவார்கள், ஊர் வந்து சேர 2028 ஆகும். வழக்கு நடக்கும்போதுதான் அதைப் பற்றி எழுதக் கூடாது. தீர்ப்பு வந்த பிறகு எழுதலாம். எழுதாமல் இருந்தது நான்தான்.

நீ அழுவாய் என்று பயந்து மறைக்கவில்லை. நாலு வருஷம் என்று எழுதினால், எனக்காகக் காத்திரு என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். இரண்டு கைப்பிள்ளைகளோடு, கால் விரலில் கயிறும் கையில் ஊசியுமாக இருக்கிற ஒரு பெண்ணிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கெதியில் என்று எழுதினால் நீ அடுத்த கடிதம் வரை இருப்பாய். அதற்கு அடுத்தது வரையும் இருப்பாய். அப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். உன் கடிதத்தைத் தந்தவர், தமிழ் தெரிந்தவர், இந்த முறை என் முகத்தைப் பார்க்காமல்தான் தந்தார். அவரும் வாசித்திருப்பார்தானே.

இப்போது கேட்கிறேன். காத்திரு, பஹ்மியா.

ஒன்றரை வயதுச் சட்டை தொடங்கிவிட்டேன். நூல் பச்சை, அதுதான் கிடைத்தது. ஊசியில் கண் ஏற்றி வைத்திருக்கிறேன், உன் அளவு வந்தால் பின்னிக்கொண்டே போகலாம். நீ உன் சாணாலேயே எழுது, எனக்கு உன் கை தெரியும். நீ அளந்து, கடிதம் வந்து, நான் பின்னி, சட்டை உன்னிடம் வந்து சேர்வதற்குள் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள். அதற்காக ஒவ்வொரு சட்டையிலும் தபாலுக்கென்று இரண்டு விரல் கூட்டிப் பின்னுவேன். அதற்கு மேல் கூட்டமாட்டேன்.

அவர்கள் நடந்ததை நாலு தரம் வாசித்தேன். கதிரை எந்தப் பக்கம் இருந்தது, அஸாம் எந்தக் காலை முதலில் வைத்தான், எல்லாம் எழுது. என்னைக் கண்டு றுமானா அழட்டும், பரவாயில்லை. அழுகிற பிள்ளையைத் தூக்கக்கூட இன்னும் எனக்குத் தெரியாது, அதையும் நீதான் சொல்லித்தர வேண்டும்.

நான் வருகிற அன்று மட்டும் அளவு எழுதி அனுப்பாதே. நானே தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஸுஹைர்